கரண்ட் பில் கட்டாத கப்பல் பறக்காது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிப்பதற்கு வசதியாகச் சற்றுச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுறவங்களுக்கு. அதிலும் குறிப்பா, கேம் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்றவங்களுக்கு. விஷயம் என்னன்னா, வாகனங்கள். கார், டாங்க், மெக், விண்கப்பல், எதுவா இருந்தாலும் சரி. அதை டிசைன் பண்ணும்போது அதுக்கு சக்தி எங்கிருந்து வருதுங்கிற கேள்வியை கேம் ரூல்ஸ் எப்படிக் கையாளணும்?

"அய்யோ, பிசிக்ஸ் கிளாஸா"ன்னு ஓடிடாதீங்க. சூத்திரம் எதையும் மனப்பாடம் பண்ணச் சொல்லப்போறதில்லை. மேசையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்குள்ள இருக்கிற நம்பிக்கை பத்தின பேச்சு இது. ஏன்னு சொல்றேன்.

எல்லா டேபிள்லயும் இந்தக் காட்சி வரும். ஒரு பிளேயர் கேட்பார்: "என் கப்பல்ல இன்னும் ரெண்டு லேசர் வைக்கலாமா?" ஜிஎம் யோசிப்பார். வச்சா அடுத்த வாரம் வரப்போற வில்லன் ரெண்டு நிமிஷத்துல காலி. அதனால "முடியாது"ன்னு சொல்லிடுவார். பிளேயர் "ஏன்?" என்பார். "பவர் பத்தாது." "எவ்வளவு பவர் இருக்கு?" அங்கே ஜிஎம்மிடம் பதில் இல்லை. அந்த நிமிஷம் பிளேயருக்குப் புரிந்துவிடும், இது இந்த உலகத்தோட விதி இல்லை, ஜிஎம்மோட மூடு என்று. அதுக்கப்புறம் அவர் உலகத்தைப் பார்த்துத் திட்டம் போட மாட்டார். ஜிஎம் முகத்தைப் பார்த்துத்தான் போடுவார்.

கணக்கு இருந்தால் கதை வேற. "உன் ரியாக்டர் பத்து கொடுக்குது. என்ஜின் ஆறு சாப்பிடுது. லேசர் ஒண்ணுக்கு ரெண்டு. ரெண்டு லேசர் இருக்கு. இன்னும் ரெண்டு வேணும்னா, சுடும்போது என்ஜினைக் குறைக்கணும்." இப்ப அந்த "முடியாது" ஒரு தேர்வாக மாறிவிட்டது. பிளேயர் சிரிச்சுக்கிட்டே, "சரி, மறைஞ்சு நின்னு சுடுவோம்" என்பார். இதுக்காகத்தான் இந்த ரூல்ஸ்.

குழாய், தொட்டி, சாக்கடை

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். பள்ளிப் புத்தகத்தில் திறன், ஆற்றல் என்று ரெண்டு வார்த்தை படிச்சிருப்போம். பவர், எனர்ஜி. நிறைய கேம்களில் இந்த ரெண்டும் ஒண்ணாகக் கலந்துவிடும்.

உங்க வீட்டு மொட்டை மாடித் தொட்டியை நினைச்சுக்கோங்க. தொட்டியில் எவ்வளவு தண்ணி இருக்கு என்பது ஆற்றல். குழாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு கொட்டுது என்பது திறன். பெரிய தொட்டி, சின்னக் குழாய் இருக்கலாம். சின்னத் தொட்டி, பெரிய குழாயும் இருக்கலாம். இதில் மூணாவது ஒண்ணு இருக்கு, எல்லாரும் மறப்பது: பயன்படுத்தின தண்ணி வெளியே போக வழி. சாக்கடை. வாகனத்துக்கு அதுதான் கழிவு வெப்பம். எந்த என்ஜினும் தனக்குக் கிடைக்கும் ஆற்றல் முழுவதையும் வேலையாக மாற்றாது. மிச்சம் சூடாகும். அந்தச் சூடு எங்கேயாவது போகணும்.

எண்ணுக்கு வருவோம். நம்ம கரண்ட் பில்லில் வர்ற ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. எல்லாத்தையும் இந்த யூனிட்டிலேயே பேசலாம், சுலபமா இருக்கும்.

ஒரு மனுஷன் நாள் முழுக்கச் சீராக உழைச்சால் சுமார் 75 வாட் கொடுப்பான். பத்து மணி நேரம் உழைச்சாலும் முக்கால் யூனிட்தான். பழைய கிரேக்கப் போர்க்கப்பல் டிரைரீமில் 170 பேர் துடுப்புப் போட்டாங்க. கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஆளுக்கு 100 வாட் என்று வச்சால் மொத்தம் 17 கிலோவாட். இன்னைக்கு ரோட்டில் ஓடுற ஒரு 350 சிசி பைக் என்ஜின் கிட்டத்தட்ட அவ்வளவு கொடுக்கும். 170 பேரோட சாப்பாடு, தண்ணி, தூக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு பைக். உங்க ஃபேன்டஸி கேம்பெயினில் கடற்படை ஏன் தினமும் கரை ஒதுங்கணும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

இப்ப தொட்டிக்கு வாங்க. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் இருக்கு. ஒரு கிலோ லித்தியம்-அயன் பேட்டரியில் 0.15 முதல் 0.25 யூனிட். என்ஜின் அந்தப் பெட்ரோலில் கால்வாசியைத்தான் உருப்படியாகப் பயன்படுத்தும், மிச்சம் சூடாகப் போகும். அப்படியும் 3 யூனிட் கையில் நிக்கும். பெட்ரோல் இன்னும் பல மடங்கு முன்னாலதான் இருக்கு.

ஒரு வேனும் ஒன்பது நாளும்

இதை ஒரு விளையாட்டுக்குள் போட்டுப் பார்ப்போம். உலகம் அழிஞ்சுபோன ஒரு கேம்பெயின். பிளேயர்களிடம் ஒரு மூணு டன் மின்சார வேன். பேட்டரி 60 யூனிட், எடை சுமார் 400 கிலோ. கிலோமீட்டருக்கு 0.3 யூனிட் சாப்பிடுதுன்னு வச்சுக்குவோம். முழு சார்ஜில் 200 கிலோமீட்டர்.

கூரையில் 5 சதுர மீட்டர் சோலார் பேனல். உச்சி வெயிலில் ஒரு கிலோவாட் கிடைக்கும். நல்ல வெயில் நாளில் மொத்தம் 5 யூனிட். அதாவது ஒரு நாள் முழுக்க வண்டியை நிறுத்தி வச்சால் 16 கிலோமீட்டர் போகலாம். முழுசா சார்ஜ் ஏத்தணும்னா 12 நாள்.

இப்ப வழியில் ஒரு பழைய ஷெட்டில் 20 லிட்டர் பெட்ரோல் கேன் கிடைக்குது. எடை 15 கிலோதான். அதில் 180 யூனிட். ஒரு சின்ன ஜெனரேட்டரில் ஊத்தினால், கால்வாசி தேறி, 45 யூனிட் மின்சாரம். 150 கிலோமீட்டர். சோலாரில் அதே 45 யூனிட் வரணும்னா 9 நாள் காத்திருக்கணும்.

பாருங்க, ஒரு கேனுக்கு இப்ப ஒரு விலை வந்துடுச்சு. ஒன்பது நாள். பின்னாடி துரத்திட்டு வர்ற கூட்டம் நாலு நாள் தூரத்துல இருக்குன்னு ஜிஎம் சொன்னால், அந்தக் கேனுக்காக அந்த ஷெட்டில் இருக்கிறவனோட சண்டை போடலாமா, பேரம் பேசலாமா, இல்ல மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜை அணைச்சுட்டு அந்த ஒரு யூனிட்டை மிச்சம் பிடிக்கலாமா? இந்தக் காட்சியை ஜிஎம் எழுதவே இல்லை. கணக்கே எழுதிடுச்சு. நல்ல பவர் ரூல் செய்யும் வேலை இதுதான்.

வேகத்துக்கு விலை, எடைக்கும் விலை

நிலத்தில் ஓடுற வண்டிக்கு ரெண்டு விதி தெரிஞ்சால் போதும்.

ஒண்ணு, காற்றின் எதிர்ப்பு. வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கணும்னா, காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் எட்டு மடங்கு ஆகும். அதனால்தான் "என்ஜினை டபுள் பண்ணிட்டேன், வேகத்தையும் டபுள் பண்ணிக்கிறேன்" என்று பிளேயர் சொல்லும்போது நீங்க சிரிக்கணும். காற்றுதான் பெரிய தடை என்கிற வேகத்தில், என்ஜினை டபுள் பண்ணினால் உச்ச வேகம் கால் பங்கு கூடும். அவ்வளவுதான். ஆனா முடுக்கம், மேடு ஏறுவது எல்லாம் நல்லா மாறும்.

ரெண்டு, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்கிற எண். ஜெர்மனி ரெண்டாம் உலகப் போரில் மவுஸ் என்று ஒரு டாங்க் செஞ்சது. 188 டன். என்ஜின் சுமார் 1200 குதிரைத்திறன். டன்னுக்கு ஆறு சொச்சம். இன்னைக்கு அமெரிக்காவின் ஆப்ரம்ஸ் டாங்க் 60 டன்னுக்கு மேல் எடை, 1500 குதிரைத்திறன். டன்னுக்கு 20க்கு மேல வரும். மவுஸ் தட்டுத் தடுமாறி மணிக்கு 20 கிலோமீட்டர் போகும். பெரும்பாலான பாலங்கள் அதைத் தாங்காது. அதனால ஆத்துக்கு அடியிலேயே ஓட்டிக்கிட்டுப் போகலாம்னு திட்டம். தண்ணிக்குள்ள என்ஜின் எப்படி ஓடும்? கரையில் நிக்கிற இன்னொரு மவுஸ், கேபிள் வழியா இதுக்குக் கரண்ட் கொடுக்கும். அது பெட்ரோல்-எலெக்ட்ரிக் வண்டி என்பதால் இது சாத்தியம்.

இதை ஒரு கேம் காட்சியா யோசிங்க. ஒரு டாங்க் ஆத்துக்கு அடியில, இன்னொண்ணு கரையில, நடுவுல ஒரு கேபிள். பிளேயர்கள் எதைத் தாக்குவாங்கன்னு சொல்லணுமா? நிஜமான தடை ஒண்ணு இருந்தால் சாகசம் தானா வந்து மாட்டும்.

இந்த எடை-திறன் விதியை அழகாச் சுருக்கின கேம் கார் வார்ஸ். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ், 1980களின் தொடக்கம். பெட்ரோல் தீர்ந்துபோன எதிர்காலம், எல்லாம் பேட்டரி கார்கள், மேலே மெஷின் கன். காரின் பவர் எண் எடையில் மூணில் ஒரு பங்கு இருந்தால் முடுக்கம் 5. பாதி இருந்தால் 10. எடைக்குச் சமமாக இருந்தால் 15. மூணு வரி ரூல். ஆனா கவசம் ஒரு தகடு கூட்டினாலும் ஒரு படி கீழே விழுந்துடுவோமோன்னு பிளேயர் பென்சிலைக் கடிப்பார். நிஜ உலக விதியின் வடிவம் அதில் அப்படியே இருக்கு. எண்கள் மட்டும் உருண்டையாக்கப்பட்டிருக்கு.

சாக்கடையை விளையாட்டாக்கின கேம்

கழிவு வெப்பத்தை நல்லாப் பயன்படுத்தின கேம் எதுன்னா, பேட்டில்டெக். 1984இல் ஃபாசா நிறுவனம் வேற பேரில் வெளியிட்டு, அடுத்த வருஷம் இந்தப் பேரை வச்சாங்க. 20 முதல் 100 டன் வரை எடையுள்ள, நடக்கும் போர் ரோபோக்கள். நிஜத்தில் இப்படி ஒரு 100 டன் மனித உருவம் மண்ணில் நடந்தால் கால் புதைஞ்சுடும். அந்த வகையில் இது யதார்த்தமே இல்லை. ஆனா வெப்ப விதி அருமை.

ஃப்யூஷன் என்ஜின் இருப்பதால் சக்திக்குப் பஞ்சமில்லை. குழாய் பெருசு, தொட்டியும் தீராது. பிரச்சினை எல்லாம் சாக்கடைதான். ஒவ்வொரு ஹீட் சிங்க்கும் ஒரு சுற்றுக்கு ஒரு புள்ளி வெப்பத்தை வெளியேத்தும். பிபிசி என்கிற துகள் பீரங்கி ஒரு தடவை சுட்டால் 10 புள்ளி வெப்பம். ஓடினால் இன்னும் 2. உங்ககிட்ட 10 சிங்க் மட்டும் இருந்து, ரெண்டு பிபிசி சுட்டுக்கிட்டே ஓடினால் 22 வருது, 10 போகுது, 12 தங்கிடும். நடை தளரும், குறி தப்பும். மறுசுற்றும் அதையே செய்தால் 24. மெக் அப்படியே அணைஞ்சுபோகலாம், உள்ளே குண்டு இருந்தால் வெடிக்கவும் செய்யலாம்.

இன்னொரு அழகு பாருங்க. தண்ணியில் போய் நின்னால் காலில் இருக்கிற சிங்க் கூடுதலா வேலை செய்யும். அதனால மேப்பில் இருக்கிற ஒரு குட்டைக்கு மதிப்பு வந்துடுது. லேசருக்கு மாற்றா ஆட்டோகேனன் வச்சால் வெப்பம் குறைவு, ஆனா எடை அதிகம், குண்டும் தீர்ந்துபோகும். எதை எடுத்தாலும் ஏதோ ஒரு பில் வரும். ஒரு பில்லைக் குறைச்சால் இன்னொண்ணு ஏறும்.

யதார்த்தம்னா எல்லாமே நிஜத்தில் நடக்கக்கூடியதா இருக்கணும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. என் கணக்கு வேற. எதுவும் இலவசமா வரக்கூடாது, அதுதான் யதார்த்தம். பேட்டில்டெக் அதில் பாஸ்.

இந்த வரையறையில் மந்திரத்துக்கும் இடம் இருக்கு. 1989இல் வந்த ஸ்பெல்ஜாமரில் விண்வெளியில் பறக்கும் பாய்மரக் கப்பல்கள். ஓட்ட ஒரு மந்திரவாதி நாற்காலியில் உட்காரணும். உட்கார்ந்தால் அந்த நாளைக்கான அவரோட மந்திரங்கள் எல்லாம் போச்சு. கப்பலோட என்ஜினும் கட்சியோட பெரிய பீரங்கியும் ஒரே ஆள். யாரை உட்கார வைக்கிறது? பிசிக்ஸே இல்லாத உலகத்தில் ஒரு கச்சிதமான பவர் ரூல்.

விண்வெளி: பில் எகிறும் இடம்

விண்கப்பலுக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் பயமுறுத்தும்.

ராக்கெட் முன்னாடி போகணும்னா பின்னாடி எதையாவது வீசணும். வீசப்போற எரிபொருளையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போகணும். ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்லுது. ஒரு குறிப்பிட்ட வேக மாற்றத்துக்கு, கிளம்பும் எடை போய்ச்சேரும் எடையைப் போல மூணு மடங்கு இருக்கணும்னு வைங்க. அந்த வேக மாற்றம் ரெண்டு மடங்கு வேணும்னா ஆறு மடங்கு எடை பத்தாது, ஒன்பது மடங்கு. மூணு மடங்கு வேணும்னா இருபத்தேழு. நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பும்போது 2900 டன்னுக்கு மேல். நிலவை நோக்கி அது அனுப்பியது சுமார் 45 டன்.

"நம்ம கப்பல்ல ஃப்யூஷன் டார்ச் இருக்கு, அந்தக் கவலை இல்லை" என்பீங்க. சரி, போட்டுப் பார்ப்போம். 100 டன் கப்பல். உள்ளே தரையில் நிக்கிற மாதிரி 1 ஜி முடுக்கம். வாயுவை விநாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாடி தள்ளுது. அந்தப் பீச்சலுக்கு மட்டும் தேவையான திறன் 50 ஜிகாவாட். கூடங்குளத்தில் இருக்கிற ஒரு உலையின் மின்திறன் 1000 மெகாவாட். அப்படி 50 உலை. அப்படியும் மணிக்கு 36 டன் எரிபொருள் காலி. மூணு மணி நேரத்துக்குள்ள கதை முடிஞ்சுது.

வாயுவை இன்னும் ரெண்டு மடங்கு வேகமா தள்ளினால் எரிபொருள் செலவு பாதியாகும், ஆனா திறன் ரெண்டு மடங்காகும், 100 ஜிகாவாட். ஒரு பில்லைக் குறைச்சால் மத்தது ஏறுது, அதே கதைதான்.

சாக்கடையையும் பாருங்க. 50 ஜிகாவாட்டில் வெறும் ஒரு சதவீதம் கப்பலுக்குள் சூடாகத் தங்கினாலும் 500 மெகாவாட். வெற்றிடத்தில் காத்து கிடையாது, தண்ணி கிடையாது. கதிர்வீச்சாக மட்டும்தான் வெப்பம் வெளியேறும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் நீளமான வெள்ளைத் தகடுகள் நீட்டிக்கிட்டு இருக்குமே, அதில் சில அதுக்குத்தான். நம்ம கப்பலுக்கு 1000 கெல்வினில், அதாவது செக்கச்சிவக்கக் காய்ச்சின இரும்பு மாதிரி, ரெண்டு பக்கமும் ஒளிரும் ரேடியேட்டர் வச்சால், சுமார் 4400 சதுர மீட்டர் வேணும். பாதிக் கால்பந்து மைதானத்துக்கு மேல.

இது கேமுக்கு என்ன சொல்லுது? மூணு விஷயம். அந்த ரேடியேட்டர் இருளில் சிவப்பா மின்னும், ஒளிஞ்சுக்க முடியாது. சண்டையில் அதுதான் முதல் இலக்கு, மடிச்சு வச்சால் என்ஜினை ஓட்ட முடியாது. அப்புறம் 50 ஜிகாவாட் பீச்சல் என்பது ஒரு ஆயுதம். லாரி நிவன் 1960களிலேயே இதை ஒரு கதையில் வச்சுட்டார்: ஆயுதமே இல்லாத கப்பல்னு நம்பி வந்தவங்களை, அந்தக் கப்பலோட டிரைவ் எரிச்சுடும். அதனால எந்தத் துறைமுகமும் உங்களை என்ஜின் எரியக் கிட்ட வர விடாது. இழுவைக் கப்பல் அனுப்புவாங்க. அதில் இருக்கிற பைலட், கட்டணம், லஞ்சம், எல்லாம் கதைதான்.

82 டன் சரக்கும் நாற்பது வருஷக் கடனும்

இவ்வளவு கணக்கும் மேசைக்கு வரணுமா? தேவையே இல்லை. 1977இல் வந்த டிராவலரைப் பாருங்க. ஒளியைவிட வேகமா ஜம்ப் பண்ணும் கப்பல்கள். ஜம்ப் என்பது சுத்தப் பொய். ஆனா அந்தப் பொய்க்கு விலை வச்சாங்க: ஒவ்வொரு ஜம்ப் எண்ணுக்கும் கப்பலின் கொள்ளளவில் 10 சதவீதம் ஹைட்ரஜன்.

கப்பல் அளவையும் ஹைட்ரஜனாலேயே அளந்தாங்க. அந்த கேமில் ஒரு டன் என்பது ஒரு டன் திரவ ஹைட்ரஜன் பிடிக்கும் இடம், சுமார் 14 கன மீட்டர். புத்திசாலித்தனமான முடிவு. ஹைட்ரஜன் எடை ரொம்பக் குறைவு, ஆனா இடத்தை அடைச்சுக்கும்.

புகழ்பெற்ற ஃப்ரீ டிரேடர் கப்பல் 200 டன். ஜம்ப்-1க்கு 20 டன் எரிபொருள். சரக்குக்கு 82 டன். அதையே ஜம்ப்-3 கப்பல் ஆக்கணும்னா எரிபொருள் 60 டன். கூடுதல் 40 டன் எங்கிருந்து வரும்? சரக்கிலிருந்து. 82 கிட்டத்தட்ட பாதியாகிடும், பெரிய ஜம்ப் டிரைவுக்கு இடம் தனி. இதுக்கு நடுவுல கப்பல் கடன். விலையில் 240இல் ஒரு பங்கு மாசாமாசம், நாற்பது வருஷத்துக்கு. துறைமுகத்தில் சுத்திகரிச்ச எரிபொருள் டன்னுக்கு 500 கிரெடிட். சுத்திகரிக்காதது 100. வாயுக் கோள் ஒன்றில் மூழ்கி அள்ளிக்கிட்டால் இலவசம், ஆனா ஜம்ப் தப்பிப்போகும் ஆபத்து.

மாசக் கடைசி, கையில காசு இல்லை, அடுத்த சிஸ்டத்துல ஒரு பெரிய ஆர்டர். அள்ளின எரிபொருளோட ஜம்ப் பண்ணலாமா? இந்தக் கேள்வியை டிராவலர் ஆடுற டேபிள்கள் நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலா கேட்டுக்கிட்டே இருக்கு. அதுக்குக் காரணம் ஒரே ஒரு பத்து சதவீத ரூல்.

டெக் லெவல் என்கிற ஏணி

இன்னொரு விஷயம், டெக் லெவல். "இந்த உலகம் டெக் லெவல் 9" என்று ஒரே எண்ணால சொல்லிடுறது. டிராவலர், கர்ப்ஸ் எல்லாத்திலும் இருக்கு. வசதியான ஏற்பாடுதான். ஆனா வரலாறு ஒரே ஏணியில் ஏறினதில்லை.

1899இல் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டின முதல் கார் எதுன்னு தெரியுமா? மின்சாரக் கார். பெல்ஜியத்தின் காமில் ஜெனாட்ஸி ஓட்டினது. மோட்டார் அன்னைக்கே தயார், அதாவது குழாய் தயார். தொட்டி தயாரா இல்லை. பேட்டரி கனம், தூரம் குறைவு. அதனால அடுத்த நூறு வருஷம் பெட்ரோல் ஆண்டது.

மறுபக்கம், 1950களின் கடைசியில் ஃபோர்ட் நிறுவனம் நியூக்ளியான் என்று அணுசக்தி கார் மாதிரி ஒண்ணு காட்டினது. சின்ன அளவு மாடலோட நின்னுபோச்சு. அதே காலத்தில் அமெரிக்க விமானப்படை ஒரு பெரிய பாம்பர் விமானத்துக்குள் ரியாக்டரை வச்சுப் பறந்து பார்த்தது. அந்த ரியாக்டர் விமானத்தை ஓட்டவில்லை, சும்மா இயங்கினது. அதுக்கே விமானிகள் இருந்த அறைக்குக் காரீயமும் ரப்பரும் சேர்த்துப் பல டன் கவசம். தொட்டி பிரமாதம், ஆனா சின்னதா செய்ய முடியாது.

அதனால என் ஆலோசனை: உங்க உலகத்துக்கு ஒரு டெக் லெவல் போடாதீங்க, மூணு போடுங்க. குழாய்க்கு ஒண்ணு, தொட்டிக்கு ஒண்ணு, சாக்கடைக்கு ஒண்ணு. அதோட ஒவ்வொரு சக்தி மூலத்துக்கும் குறைந்தபட்ச அளவு ஒண்ணு எழுதுங்க. "ஃபிஷன் ரியாக்டர்: லாரியில் ஏறாது, கப்பலில் ஏறும்." இந்த ஒரு வரி உங்க உலகத்தின் அரசியலையே மாத்தும். ரியாக்டர் வைக்கக்கூடியவன் பெரிய ஆள், மத்தவன் எல்லாம் அவன்கிட்ட சார்ஜ் போட்டுக்கிறவன்.

எவ்வளவு கணக்கு போதும்?

எதிர்த்தரப்பு வாதமும் நியாயமானதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம் கிடைக்குது. அதில் ஒண்ணரை மணி நேரம் கால்குலேட்டர் தட்டினால் யாருக்கு சந்தோஷம்?

கர்ப்ஸ் குடும்பத்துக்குள்ளேயே இதுக்கு விடை இருக்கு. டேவிட் புல்வர் 1993இல் கர்ப்ஸ் வெஹிக்கிள்ஸ் எழுதினார். சைக்கிளிலிருந்து விண்கப்பல் வரை எதையும் கட்டலாம். மேற்பரப்பு, கொள்ளளவு, எடை, வர்க்கமூலம் எல்லாம் வரும். அதை ரசிக்கிறவங்க இருக்காங்க, தனியா உட்கார்ந்து வண்டி கட்டுறதே அவங்களுக்கு ஒரு கேம். அதே புல்வர் 2007இல் கர்ப்ஸ் ஸ்பேஸ்ஷிப்ஸ் எழுதினார். கப்பலை 20 துண்டாகப் பிரிச்சுட்டார். ஒவ்வொண்ணும் எடையில் 5 சதவீதம். அதிகச் சக்தி கேட்கும் கருவிக்கு ஒரு பவர் பாயிண்ட் வேணும். ஃபிஷன் ரியாக்டர் ஒண்ணு தரும், ஃப்யூஷன் ரெண்டு. சமன்பாடு எல்லாம் அவர் முன்னாடியே போட்டு அட்டவணைக்குள் ஒளிச்சு வச்சுட்டார். பிளேயர் கையில் வெறும் கூட்டல் கழித்தல்.

நீங்களும் அதையே செய்யலாம். ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டை போதும். முதல் வரி, குழாய்: ஒரு சுற்றுக்கு எத்தனை புள்ளி. ரெண்டாவது, தொட்டி: மொத்தம் எத்தனை, எங்கே நிரப்பலாம், என்ன விலை. மூணாவது, யார் எவ்வளவு சாப்பிடுறாங்க: ஓட, சுட, கவசம், உயிர்காக்கும் கருவி. இந்த மூணாவது வரியின் கூட்டுத்தொகை முதல் வரியைவிடப் பெருசா இருக்கணும், இது ரொம்ப முக்கியம். எல்லாத்தையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடிஞ்சால் தேர்வே இல்லை. நாலாவது, சாக்கடை: சூடு, புகை, சத்தம், வெளிச்சம், இதில் எது உங்களைக் காட்டிக்கொடுக்கும். அஞ்சாவது வரி, பொய். ஒரு வண்டிக்கு ஒரே ஒரு பொய். ஜம்ப் டிரைவோ, மந்திர நாற்காலியோ, எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு விலை பக்கத்திலேயே எழுதணும்.

அட்டையை மேசை நடுவுல வைங்க, ஜிஎம் திரைக்குப் பின்னாடி வைக்காதீங்க. வில்லனோட வண்டிக்கும் அதே அஞ்சு வரி இருக்கணும். பிளேயர்கள் உளவு பார்த்து அவன் தொட்டி காலியாகப் போகுதுன்னு கண்டுபிடிச்சால், அவன் நிக்கத்தான் வேணும். நீங்க ரெண்டு மணி நேரம் தயார் பண்ணின துரத்தல் காட்சி பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோனாலும் சரி. அந்த இடத்துல அவனுக்கு ரகசியமா ஒரு கேன் பெட்ரோல் கொடுத்தீங்கன்னா, அட்டையைக் கிழிச்சுப் போட்டுடலாம். இனிமே யாரும் அதை நம்பமாட்டாங்க.

நம்பினாங்கன்னா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த வாரம் பிளேயர்கள் உங்ககிட்ட "இதைச் செய்யலாமா"ன்னு கேட்க மாட்டாங்க. அட்டையைப் பார்த்துத் தங்களுக்குள்ள சண்டை போடுவாங்க. என்ஜினைக் குறைக்கலாமா, ஃப்ரிட்ஜை அணைக்கலாமா, யாரு நாற்காலியில உட்கார்றதுன்னு. நீங்க பேசாம டீ குடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கலாம்.

உங்க டேபிள்ல இருக்கிற வண்டிக்கு இந்த அஞ்சு வரியை எழுதிப் பாருங்க. எந்த வரியில் மாட்டிக்கிட்டீங்கன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.